பேன்ட் விளிம்புக்கு வெளியே மூன்று அங்குலம்

விமானிகள் குளிர்காலத்தில் எந்த ஷூ வாங்கலாம் என்று ஆலோசனை சொல்லும் குறிப்புகளைக் கொஞ்ச காலமாகத் தேடித்தேடி வாசித்துவருகிறேன். கூடவே விமான நிறுவனங்களின் சீருடை விதிகளையும். இலக்கியம் படித்தவர்கள் பொருட்படுத்தாத எழுத்து இது. ஆனால் ஒரு தொழில் தன்னிடம் வேலை செய்பவரின் உடலை எப்படிக் கற்பனை செய்துவைத்திருக்கிறது என்பதை இந்த எழுத்து ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறது. கவிதையிடம் நாம் பாடுபட்டுக் கறக்க வேண்டியதை ஒரு சீருடை விதி முதல் வரியிலேயே கொட்டிவிடும்.

இந்தக் குறிப்புகள் எல்லாவற்றிலும் ஒரே வாக்கிய அமைப்பு திரும்பத் திரும்ப வருகிறது. ஷூ பனிக்குத் தாங்க வேண்டும், வழுக்கக் கூடாது, ஈரம் புகக் கூடாது, ஆனாலும் ஃபார்மலாக இருக்க வேண்டும். அந்த ‘ஆனாலும்’தான் என்னை நிறுத்தியது. காலைக் காப்பாற்றும் ஷூவுக்கும் மரியாதையான ஷூவுக்கும் நடுவில் ஏன் ஒரு ‘ஆனாலும்’ தேவைப்படுகிறது? இரண்டும் பகையென்று யார் தீர்மானித்தது?

‘ஃபார்மல்’ என்பதற்கு நம்மிடம் நேரான சொல் இல்லை. அப்படியே எடுத்து வைத்துக்கொண்டுவிட்டோம். கடையில் போய் ஃபார்மல் ஷூ என்று கேட்டால் என்ன எடுத்துக் காட்டுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆணுக்கு என்றால் கறுப்புத் தோல், கயிறு கட்டுவது, மழமழப்பான முன்பகுதி. பெண்ணுக்கு என்றால் விற்பனையாளர் அடுத்த வரிசைக்குப் போய்க் குதி உயர்ந்த ஒன்றை எடுத்து வருவார். ஒரே சொல் ஆணின் காலில் தட்டையாகவும் பெண்ணின் காலில் உயரமாகவும் இருக்கிறது. விதி எழுதுவதற்கு முன்பே சொல்லுக்குள் பால் புகுந்துவிட்டது.

விமானியின் ஷூ எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் கப்பலில் போய் நிற்கிறது. தொடக்க கால விமானிகள் வானிலைக்கு உடுத்தினார்கள். 1911இல் அமெரிக்காவில் விமானி உரிமம் பெற்ற முதல் பெண் ஹாரியட் குவிம்பி, கணுக்காலுக்கு மேல் கயிறு கட்டிய உயரமான பூட்ஸுடன் கத்தரிப்பூ நிற சாட்டின் உடையில் பறந்தார். 1912 ஏப்ரலில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தபோது குளிருக்கு இடுப்பில் வெந்நீர்ப் பையைக் கட்டிக்கொண்டார். அந்த உடை அழகாகவும் இருந்தது, வேலையும் செய்தது. நடுவில் ‘ஆனாலும்’ கிடையாது. 1930களில் பான் அமெரிக்கன் நிறுவனம் தன் கடல் விமானங்களின் விமானிகளுக்குக் கப்பற்படை அதிகாரியின் தோற்றத்தைக் கொடுத்தது. பறக்கப் பயந்த பயணிக்கு நம்பிக்கை ஊட்டுவதற்கான ஏற்பாடு அது. கருநீலக் கோட்டு, கையில் பட்டைகள், தொப்பி, கறுப்பு ஷூ. மற்ற நிறுவனங்களும் அதையே எடுத்துக்கொண்டன. அன்றிலிருந்து விமானியின் ஷூ வானிலையைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் பயணியைப் பார்க்கத் தொடங்கியது.

ஆனால் விமானி விரிப்பின் மேல் மட்டும் நடப்பவர் இல்லை. ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் இருவரில் ஒருவர் கீழே இறங்கி விமானத்தைச் சுற்றிவந்து பார்க்க வேண்டும். சக்கரம், பிரேக், என்ஜினின் வாய், வேகம் அளக்கும் குழாய்கள், இறக்கையில் ஒட்டியிருக்கும் பனி. பத்துப் பதினைந்து நிமிட வேலை. மைனஸ் முப்பது டிகிரியில், காற்றில், கண்ணாடி போல உறைந்த தரையில். சாலையில் போடுவதுபோல இங்கே உப்புப் போட்டுப் பனியைக் கரைக்க முடியாது, அலுமினியத்தை அது அரித்துவிடும். அதனால் பொட்டாசியம் அசிடேட் போன்ற வேறு வேதிப்பொருள்களைத் தெளிக்கிறார்கள். இறக்கையில் பனி நீக்க அடிக்கும் கிளைக்கால் திரவம் வழிந்து தரையில் தேங்கும். ஆரஞ்சு நிறத்தில் ஒன்று, பச்சையில் கெட்டியாக ஒன்று. இரண்டும் எண்ணெய்போல வழுக்கும். நல்ல தோலைக் கறையாக்கும்.

பிறகு அதே கால் மேலே ஏறி மிதியில் அமர வேண்டும். விமானத்தின் வாலில் உள்ள சுக்கானைத் திருப்புவதும் சக்கரத்தின் பிரேக்கைப் பிடிப்பதும் காலால்தான். குதியைத் தரையில் ஊன்றி, முன்பாதத்தால் மிதியைத் தள்ள வேண்டும். பிரேக்குக்கு அதே மிதியின் மேல்பகுதியை விரல்களால் அழுத்த வேண்டும். பக்கவாட்டுக் காற்றில் உறைந்த ஓடுபாதையில் இறங்கும்போது விமானத்தை நேராக வைத்திருப்பது இந்த அழுத்தத்தின் அளவுதான். அடி தடித்த ஷூ அந்த உணர்வை விழுங்கிவிடும். அகன்ற ஓரம் பக்கத்தில் இடிக்கும். கணுக்கால் விறைத்த பூட்ஸ் விரலை மடக்க விடாது. ஆழமான பள்ளங்கள் வெட்டிய அடி என்றால் பனியை அள்ளிக்கொண்டு உள்ளே வரும், அது உருகி மிதி ஈரமாகும்.

ஆக, விமானியின் குளிர்கால ஷூ உண்மையிலேயே கஷ்டமான வடிவமைப்புச் சிக்கல். பனிக்கு வேண்டியதும் மிதிக்கு வேண்டியதும் நேர்மாறானவை. இதில் ‘ஃபார்மல்’ மூன்றாவதாக வந்து உட்கார்ந்துகொண்டு முதல் இடத்தைக் கேட்கிறது. நான் படித்த குறிப்புகளில் பாதிக்கு மேல் பளபளப்பையும் கயிற்றின் அமைப்பையும்தான் பேசுகின்றன. மிதி ஒரு வரியில் வருகிறது. கால் விரல் மரத்துப்போவதைப் பற்றி அனேகமாக ஒன்றுமில்லை.

அவற்றில் கொள்ளத்தக்கதும் உண்டு. சொல்லிவிடுகிறேன்: கணுக்கால் உயரத்துக்கு மேல் போகாத, தையல் வேலைப்பாடு இல்லாத கறுப்புத் தோல் பூட்ஸ். பக்கத்தில் ஜிப் அல்லது இழுபட்டை. குளிரில் விறைக்காத மென்மையான ரப்பர் அடி, மெல்லியதாக, ஆழமில்லாத பள்ளங்களோடு. தோல் அடி பனியில் கூடவே கூடாது. உள்ளே கம்பளிக் காலுறைக்கு இடம் வேண்டும். இறுக்கமான ஷூவுக்குள் இரண்டு காலுறை போட்டால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சில்லிடும். நடுவில் எஃகுத் தகடு இல்லாதது என்றால் பாதுகாப்புச் சோதனையில் அலறாது. சிலர் சாதாரண ஷூவின் மேல் மாட்டும் ரப்பர் உறையையும் முள் பட்டையையும் பையில் வைத்துக்கொள்கிறார்கள்; விமானத்தில் ஏறுமுன் கழற்றிவிட வேண்டும். எல்லாம் சரி. இந்த ஷூவை ஃபார்மல் ஆக்குவது எது என்று கேட்டால் எல்லாக் குறிப்புகளும் ஒரே இடத்தைத்தான் காட்டுகின்றன: பேன்ட் மூடிக்கொள்ளும். வெளியே தெரிவது முன்பகுதி மட்டும், மூன்று அங்குலம். அது மழமழப்பாக இருந்தால் போதும். மேலே என்ன கம்பளி இருந்தால் யாருக்குத் தெரியப் போகிறது?

யாருடைய பேன்ட்? இங்கேதான் என் அக்கா மகள் ஞாபகம் வருகிறாள். கனடாவின் வின்னிபெக்கில் டர்போபிராப் விமானத்தில் ஃபர்ஸ்ட் ஆபீசராக இருக்கிறாள். ஒருநாளைக்கு நாலைந்து சிறு பயணங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒருமுறை இறங்கிச் சுற்றிவர வேண்டும். “சித்தி, கால் விரல் இருக்கா இல்லையான்னு மிதியை அழுத்திப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கறேன்” என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். குளிரில் விரல்களின் ரத்தக்குழாய் சுருங்கி வெளுத்துப்போகும் ரேனாட் என்ற நிலை பெண்களுக்கு அதிகம் வருவது, அவளுக்கும் உண்டு. முதல் குளிர்காலத்தில் அவளும் அவளுடைய கேப்டனும் ஏறக்குறைய ஒரே மாதிரிக் கம்பளி உள்வைத்த பூட்ஸ்தான் போட்டிருக்கிறார்கள். சீருடைக்கு ஒத்துவரவில்லை என்று குறிப்பு வந்தது அவளுக்கு மட்டும். காரணம் தையல். ஆண்களுக்குக் கொடுத்த பேன்ட் நேராக இறங்கி பூட்ஸின் வாயை மூடுகிறது. பெண்களுக்குக் கொடுத்தது கீழே போகப்போக ஒடுங்குகிறது. கணுக்காலில் மேடு தட்டி, பூட்ஸ் தெரிகிறது. குளிர் இருவருக்கும் ஒன்று, பூட்ஸ் ஒன்று, விதியின் சொற்களும் ஒன்று. கால்சட்டையின் வெட்டில் அவள் குற்றவாளியானாள்.

அடுத்து ஆண்கள் ஷூவே வாங்கிவிடலாம் என்று போனாள். ஆண்களின் வேலைக் காலணி அமெரிக்க அளவில் பெரும்பாலும் ஏழிலிருந்துதான் தொடங்குகிறது. பெண்கள் அளவில் ஆறு என்பது ஆண்கள் கணக்கில் ஐந்துக்கும் கீழே. பெண்கள் பிரிவில் கறுப்பு பூட்ஸுக்குப் பஞ்சமில்லை, ஆனால் குதி உயரம், முனை கூர்மை, அடியோ பிளாஸ்டிக். கடைசியில் பையன்கள் பிரிவில் வாங்கினாள். இருநூற்றுச் சொச்சம் மணி நேரம் விமானம் ஓட்டி, எழுபது பேரை ஏற்றிக்கொண்டு பறக்கிறவள், பள்ளிக்கூடப் பையனின் ஷூவோடு.

பெண்ணின் பாதம் ஆணின் பாதத்தைச் சுருக்கியது அல்ல என்பது ஷூ தைப்பவர்களுக்குத் தெரிந்த விஷயம். முன்பாதத்தோடு ஒப்பிட்டால் குதி ஒடுக்கம். அதற்கு வேறு மர அச்சு வேண்டும். ஆண் அச்சில் செய்த சின்ன ஷூவில் குதி உள்ளே நழுவும். குதியை ஊன்றி மிதிக்க வேண்டிய வேலையில் அது சின்னக் குறை இல்லை. ‘எல்லோருக்கும் ஒரே ஷூ’ என்ற விதியைச் சமத்துவம் என்று கொண்டாட எனக்குத் தயக்கம் இதனால்தான். ஒரே அச்சு என்றால் யாருடைய அச்சு என்று கேட்க வேண்டியிருக்கிறது.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கதை இருக்கிறது. 1950இல் அமெரிக்க விமானப்படையில் கில்பர்ட் டேனியல்ஸ் என்பவர் 4,063 விமானிகளின் உடல் அளவுகளை எடுத்து ஆராய்ந்தார். எல்லோரும் ஆண்கள். பத்து அளவுகளிலும் சராசரிக்குள் அடங்கிய விமானி ஒருவர்கூட இல்லை. சராசரி மனிதனுக்கென்று விமான அறை கட்டினால் அது யாருக்கும் பொருந்தாது என்று தெரிந்தது. நகரும் இருக்கை, நகரும் மிதி என்ற எண்ணம் வலுப்பட்டது. இன்று எந்தப் பயணிகள் விமானத்திலும் மிதியை முன்னும் பின்னும் நகர்த்திக்கொள்ளலாம். பல கோடி ரூபாய் இயந்திரம் ஒரு குள்ளமான பெண்ணின் காலை நோக்கி நகர்ந்து வருகிறது. அந்தக் கால் போட்டிருக்கும் ஷூ நகர மறுக்கிறது.

நம் இலக்கியம் பயிற்றுவிக்கிறவள் என்பதால் ஒன்றைச் சொல்லாமல் தாண்ட முடியவில்லை. நெடுவழி போகும் வணிகரின் காலணியைப் பெரும்பாணாற்றுப்படை ‘அரணம்’ என்ற சொல்லால் குறிக்கிறது. கோட்டைக்கும் கவசத்துக்கும் உரிய சொல். பொருநராற்றுப்படையின் பாடினிக்கு அந்த அரணம் இல்லை. பரல்கல் குத்திக் கொப்புளித்த பாதம், இளைத்த நாயின் நாக்குக்கு ஒப்பாகிறது. உவமை எது என்று கேட்டால் மாணவிகள் உடனே சொல்கிறார்கள். கொப்புளத்தை யாரும் குறிப்பெடுத்திருக்க மாட்டார்கள். வழிநடைக்காரியின் பாதத்தை அழகாகப் பார்க்கப் பழகிய கண், அது புண்ணாகியிருப்பதையும் அழகின் பகுதியாகவே பார்க்கிறது.

இந்தக் கண் தமிழுக்கு மட்டும் உரியதல்ல. இரண்டாம் உலகப்போரில் சோவியத் பெண் விமானிகளுக்கு ஆண்களுக்காகத் தைத்த சீருடையும் பூட்ஸும்தான் கிடைத்தன. காகிதமும் துணியும் திணித்து நடந்தார்கள். போர்முனைப் பெண்களின் வாக்குமூலங்களை ஸ்வெத்லானா அலெக்ஸியேவிச் தொகுத்து 1985இல் வெளியிட்ட நூலிலும் இந்தப் பெருத்த பூட்ஸ் திரும்பத் திரும்ப வருகிறது. ஆனால் உலகம் ஆசையோடு திருப்பிச் சொல்வது வேறொரு பூட்ஸ் கதையை. சண்டை விமானி லிலியா லித்வியாக், பறப்பதற்கான ரோம பூட்ஸின் ரோமத்தை வெட்டித் தன் சட்டைக்குக் கழுத்துப்பட்டி தைத்துக்கொண்டார் என்றும், தளபதி மரினா ரஸ்கோவா அதைக் கண்டுபிடித்து மறுபடி பூட்ஸிலேயே தைக்க வைத்தார் என்றும் சொல்வார்கள். எதிரி விமானங்களை வீழ்த்திய, இருபத்திரண்டு வயது நிறையுமுன் 1943 ஆகஸ்டில் பறந்துபோய்த் திரும்பாத ஒருத்தியை இந்தக் கதை ஒரு குறும்புக்காரச் சிறுமியாக்கிவிடுகிறது. பூட்ஸ் பெரிதாக இருந்தது போரின் கஷ்டம் என்று ஓரமாகப் போகிறது. அவர் அதை வெட்டியது பெண்ணின் அலங்கார ஆசை என்று நடுவில் நிற்கிறது. இரண்டும் ஒரே கிடங்கிலிருந்து வந்த பூட்ஸ்.

பிரிட்டனிலும் அதே காலம். 1940 ஜனவரியில், விமானங்களைத் தொழிற்சாலையிலிருந்து தளங்களுக்கு ஓட்டிச் சேர்க்கும் துணைப் படையில் முதன்முதலாக எட்டுப் பெண்கள் சேர்ந்தார்கள். அவர்களுக்குக் கொடுத்தது மூடியில்லாத டைகர் மாத் விமானம். அந்தக் கொடுங்குளிரில் ஹாட்ஃபீல்டிலிருந்து வடக்கே ஸ்காட்லாந்து வரை. சம்பளம் ஆண்களைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, 1943இல்தான் சமமாயிற்று. கால்சட்டை பறக்கும்போது மட்டும், தரையில் பாவாடை என்பது விதி. வேலைக்கு ஓர் உடல், பார்வைக்கு இன்னோர் உடல் என்று ஒரே பெண்ணை நாளில் பல தடவை மாற்றிக்கொள்ளச் சொன்ன விதி அது.

இன்று அந்தப் பிளவு விமான அறையின் கதவில் இருக்கிறது. கதவுக்கு முன்னால் உட்கார்ந்த பெண்ணுக்குத் தட்டை ஷூ. பின்னால் நிற்கும் பெண்ணுக்கு? 2019இல் நார்வேஜியன் நிறுவனத்தில் பணிப்பெண்கள் தட்டை ஷூ போட மருத்துவச் சான்று வைத்திருக்க வேண்டும் என்ற விதி வெளியே தெரிந்து கண்டனத்துக்கு உள்ளானது. ஜப்பானில் யூமி இஷிகாவா குதிகால் ஷூ கட்டாயத்துக்கு எதிராக இயக்கம் நடத்திய அடுத்த ஆண்டு, 2020இல், ஜப்பான் ஏர்லைன்ஸ் அந்தக் கட்டாயத்தைத் தளர்த்தியது. உக்ரைனின் ஸ்கைஅப் 2021இல் ஸ்னீக்கரே கொடுத்துவிட்டது. விமானத்திலிருந்து அவசரமாகச் சறுக்கி இறங்கும்போது குதிகால் ஷூவைக் கழற்றச் சொல்வார்கள், சறுக்குப்பை கிழிந்துவிடும் என்று. அதாவது ஆபத்து என்று தெரிந்தேதான் அணியச் சொன்னார்கள்.

பெண் விமானிகள் சிலர் குதியே இல்லாத, கயிறு கட்டிய கறுப்பு ஷூவை விரும்பிப் போடுவதற்கு ஒரு காரணம் பணிப்பெண் என்று தவறாக நினைத்துவிடக் கூடாது என்பது. எனக்கு அந்த அவஸ்தை புரிகிறது. ஆனால் அது பின்னால் நிற்கிறவளின் குதியை அப்படியே விட்டுவைக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். தட்டை ஷூ பெண்ணுக்குக் கிடைத்த உரிமை அல்ல. அந்த இருக்கைக்குக் கிடைத்தது. இருக்கை மாறினால் போய்விடும்.

சரி, ஷூவில் ஃபார்மல் என்று எதைச் சொல்கிறார்கள் என்பதற்கு எனக்குக் கிடைத்த நல்ல விளக்கம் ஷூவில் இல்லை. பளிச்சிடும் மஞ்சள் மேலங்கியில் இருந்தது. சுற்றிப் பார்க்க இறங்கும் விமானி கோட்டின் மேல் அந்த மேலங்கியைப் போட்டுக்கொள்ள வேண்டும். நான்கு பொற்பட்டைகளின் மேல், துப்புரவுப் பணியாளரும் சுமை ஏற்றுபவரும் போடும் அதே மஞ்சள். ஃபார்மலாக இல்லை என்று யாரும் குறிப்பு அனுப்புவதில்லை. வண்டி மோதிவிடும் என்ற பயம் அதைச் சீருடைக்கு வெளியே, பாதுகாப்புக் கணக்கில் கொண்டுபோய் வைத்துவிட்டது. பக்கத்தில் பெட்டி ஏற்றுகிறவரின் பாதத்துக்கும் அந்தக் கணக்கு உண்டு. அவருக்கு வழுக்காத பாதுகாப்புக் காலணி என்று விதி இருக்கிறது. அதே பனியில் அதே பத்து நிமிடம் நிற்கும் விமானியின் பாதத்துக்கு மட்டும் இல்லை. அவர் அதிகாரி. அதிகாரியின் ஷூவில் வேலை செய்த தடயம் இருக்கக் கூடாது. ஃபார்மல் என்பதை நான் இப்படித்தான் வாசிக்கிறேன்: உழைப்பு தெரியாமல் உழைக்கும் கால். வீட்டில் நாள் முழுக்க நின்று வேலை செய்துவிட்டு, விருந்தாளி வரும்போது வேலையே செய்யாத முகத்தோடு வந்து நிற்கப் பெண்களைப் பழக்கியதும் இதுவேதான் என்பதால் எனக்கு இந்த வாசிப்பு எளிதாக வந்தது.

கறுப்பு, மெருகு, எளிய தோற்றம் என்று ஒரு வரியோடு முடியும் விதியில் இன்னும் சில வரிகள் எழுதக் காகிதம் இடம் கொடுக்கும். எந்தத் தரையில் எவ்வளவு வழுக்காமல் நிற்க வேண்டும். எந்தெந்த அளவில், எந்த இரண்டு அச்சில் கிடைக்க வேண்டும். பேன்ட் விளிம்பு எவ்வளவு அகலம் இருக்க வேண்டும். குளிருக்கு ஒரு ஜோடி, கோடைக்கு ஒரு ஜோடி, பணம் யார் தருவது.

அக்கா மகளின் பையன் ஷூ இரண்டாம் குளிர்காலத்திலேயே அடி தேய்ந்துவிட்டது. ஒரு வருஷத்தில் கால் வளர்ந்துவிடும் என்று கணக்குப் போட்டுச் செய்த ஷூ அது. வின்னிபெக்கில் ஷூ தைக்கும் ஒருவரிடம் கொடுத்து, குளிரில் விறைக்காத மெல்லிய ரப்பர் அடி ஒட்டி, குதிக்குள் கம்பளி மெத்தையும் வைத்து வாங்கினாள். பில்லை நிறுவனத்துக்கு அனுப்பினாள். சீருடைப் படிக்குள் வராது, பெண்கள் பட்டியலில் இந்த ஷூ இல்லை என்று திரும்பி வந்தது. மறுபடியும் அனுப்பியிருக்கிறாள், இந்த முறை மஞ்சள் மேலங்கி வருகிற அதே படிவத்தில்.